குரூப்பில் வந்த மரணம்

கடியப்பட்டணத்து ததேயுஸுக்குப் பிழைப்பு கைபேசிக் கடை. நிருபர் வேலை பகுதி நேரம்தான். அதில் கிடைப்பது பெட்ரோலுக்கே காணாது. ஆனாலும் பைக்கின் முன்னால் 'பிரஸ்' என்று பெரிதாக ஒட்டியிருப்பான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் அவனைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த வட்டாரத்து நிருபர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஒருவர் செய்தியை எழுதிப் போடுவார். மற்றவர்கள் தலைப்பை மட்டும் மாற்றி அவரவர் பத்திரிகைக்குத் தட்டிவிடுவார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே செய்தி, ஒரே எழுத்துப்பிழை. கேட்டால், ஒற்றுமையாம்!

அதே ஊர் மீனவன் லிஜோ இறந்த அன்று ததேயுஸ் குழித்துறையில் கொழுந்தியாள் கல்யாணத்தில் பரிமாறிக்கொண்டிருந்தான். 'மதுபோதையில் அலை தடுப்புச் சுவரில் இருந்து தவறி விழுந்து மீனவர் பலி' என்று குரூப்பில் செய்தி வந்தது. எழுதியவன் மகேஷ்குமார். அவனும் சம்பவ இடத்துக்குப் போகவில்லை. யாரோ போனில் சொன்னதை நாகர்கோவிலில் உட்கார்ந்தபடி எழுதியிருந்தான். ததேயுஸ் பிரியாணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, அதை அப்படியே தன் பெயரில் அனுப்பினான். செத்தது தன் ஊர்க்காரன். ஒரு போன் போட்டு யாரிடமாவது கேட்கக் கூடாதா? நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சலாக வருகிறது.

அடக்கத்துக்குப் போனவனை லிஜோவின் மனைவி ரெஜிஷா முற்றத்திலேயே நிறுத்தினாள்.

"அவிய ஒரு சொட்டு தொடமாட்டாவ, ஒங்களுக்குத் தெரியாதா அண்ணே? வள்ளத்தக் கட்டத்தான் போனாவ. செவருக்குப் புதுசாப் போட்ட கல்லு உருண்டு மேல விழுந்துட்டு. கூட நின்னவிய எல்லாரும் பாத்தாவ. நீங்க குடிகாரன்னு போட்டுட்டீயளே! எனக்க பிள்ள இனி எப்பிடிப் பள்ளிக்கூடம் போவும்?"

மறுநாள் ததேயுஸ் கடையைத் திறக்கவில்லை. விபத்தின்போது லிஜோவின் பக்கத்தில் நின்ற மீனவர்களைத் தேடிப்பிடித்துப் பேச வைத்து வீடியோ எடுத்தான். உருண்ட கல்லைப் படம் எடுத்தான். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான். உதவி ஆசிரியர் போனில் வந்தார்.

"எல்லாப் பத்திரிகையிலயும் குடிபோதைன்னு வந்திருக்கு. நீங்க மட்டும் வேற சொல்றீங்களே?"

"சார், எல்லாத்துலயும் வந்தது ஒரே ஆளு எழுதுனதுதான். அவரு இங்க வரவே இல்ல."

"உங்க பேர்லயும்தானே வந்தது?"

ததேயுஸ் போனை வைத்துவிட்டுப் பைக்கை எடுத்தான்.

மகேஷ்குமாரைப் பார்க்கப் போனான். "விடு மக்கா, செத்தவனா வந்து கேக்கப் போறான்?" என்றான் அவன். திருத்தம் போடுங்கள் என்று ததேயுஸ் குரூப்பில் எழுதினான். சாயங்காலமே அவனைக் குரூப்பை விட்டு நீக்கிவிட்டார்கள். சுவர் கட்டிய ஒப்பந்தக்காரரின் பொங்கல் விளம்பரம் எல்லோருக்கும் வேண்டுமே! ததேயுஸ் விடவில்லை. தினமும் அலுவலகத்துக்குப் போன் போட்டு நச்சரித்தான். கடைசியில், போடாவிட்டால் நிருபர் வேலையே வேண்டாம் என்றான்.

ஒருவழியாகத் திருத்தம் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. சாட்சிகளின் பெயர்களை எல்லாம் வெட்டியிருந்தார்கள். அதுவாவது வந்ததே என்று பத்திரிகையை ரெஜிஷாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள்.

'கல் உருண்டு விழுந்ததே காரணம் என உறவினர்கள் தரப்பில் கூறப்படுகிறது.'

"குடிச்சாவன்னு போட்டப்போ, யாரு சொன்னாவன்னு போடலியே அண்ணே," என்றாள். "அது மட்டும் நீங்க கண்ணால கண்டதா?"