வரிசையின் தலையில் நின்ற கிராணி

பிளேன் ஏற நாலு மணி நேரம் இருக்கும்போதே ஏர்போர்ட்டுல கொண்டாந்து உக்கார வச்சுட்டா எம் மக. லண்டன் போறோம். எதிர்ல ஒரு பொண்ணு வரிசையில நிக்கிறவங்களை எண்ணிக்கிட்டு இருக்கா. வரிசையில ஆள் எண்ணறதைப் பார்த்தா எனக்கு இன்னமும் அந்தக் கிராணி மொகந்தான் வரும். வரட்டும்.

சப்பான்காரன் காலம். மலாயாவுல கோலா சாவா பக்கத்துல நாங்க வேலை செஞ்ச ரப்பர் தோட்டம். சயாம்ல தண்டவாளம் போட முப்பது ஆள் வேணும்னு உத்தரவு வந்துச்சு. பேர் எழுதுறது தோட்டத்துக் கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதறவரு. அதுல அவரோட மச்சான் பேரும் இருந்துச்சு. அதை அடிச்சுட்டு எம் புருசன் பேரை எழுதினாரு, அந்தப் புண்ணியவான். நான் அப்ப ஆறு மாசம். கால்ல விழுந்தேன். "மூணே மாசந்தாம்மா. அரிசி போடுறான், துணி குடுக்கறான். போயிட்டு வந்துடுவான்"னு சொல்லிட்டுக் கையில இருந்த காப்பியைக் குடிச்சு முடிச்சாரு. மொத தடவை போனவங்கள்ல ஒருத்தரும் திரும்பலைன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விடியக்காலையில லோரியில ஏத்தி சிரம்பான் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாங்க. கிழங்கு அவிச்சு எடுத்துக்கிட்டு நான் பின்னாலேயே நடந்து போய்ச் சேர்ந்தேன். ரயில் வரலை. எஞ்சினுக்கு விறகு இல்லையாம். மத்தியானம் வரைக்கும் பொழுதை ஓட்டணுமே. கரித்துண்டால தரையில கட்டம் போட்டு ஆடுபுலி ஆடினாங்க. ஒருத்தன் இன்னொருத்தனுக்குப் பேன் பார்த்தான். ஆளுங்களை ஒப்படைக்கக் கூட வந்த கிராணி நிழல்ல பெஞ்சியில உக்காந்துக்கிட்டு, புலியை எங்க நகர்த்தணும்னு யோசனை சொன்னாரு.

எம் புருசன் குழாயடிக்குத் தண்ணி புடிக்கப் போனாரு. நானும் போயி, "திரும்பி வராதீங்க. அப்படியே பக்கத்து ஊரு ராசாவுல எங்க சித்தி வீட்டுக்குப் போயிடுங்க"ன்னேன். வேலியைத் தாண்டிப் போயிட்டாரு.

கொஞ்ச நேரத்துல ரயில் வந்துச்சு. சப்பான் சிப்பாய் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சான். பேர் கூப்பிட்டா மாட்டிக்குவோம். கிராணி ஆள்பேர் எழுதின செக்ரோல் புத்தகத்தோட எந்திரிச்சு வந்தாரு. தோட்டத்துல தெனம் காலையில பெரட்டு நடக்கும், ஆளுங்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடறது. இருபது வருசமா வரிசையோட தலையில நின்னுதான் அவர் கூப்பிடுவாரு. பழக்க தோசம், அங்கயும் அதே எடத்துல போயி நின்னாரு. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள சிப்பாய் கடைசி ஆள்லேருந்து "இச்சி, நீ, சான்"னு எண்ணிக்கிட்டே வந்தான். கிராணி நெஞ்சுல விரலை வச்சப்ப முப்பது. சரியா இருக்குன்னு தலையை ஆட்டுனான்.

அவரோட தொப்பியும் காலுறையும் எப்பவோ போச்சு. கிழிஞ்ச கால்சட்டையில எங்க ஆளுங்க மாதிரியேதான் இருந்தாரு. பதறிப்போயி இங்கிலீசுல பேசினாரு. வெள்ளக்காரன் பாசையைக் கேட்டதும் விழுந்துச்சு ஒரு அறை. புத்தகம் தண்டவாளத்துல போயி விழுந்துச்சு. வரிசையில நின்ன எங்க ஆளுங்க இருபத்தொம்பது பேரும் வாயே திறக்கலை. "நான் யாருன்னு சொல்லும்மா"ன்னு என்னைப் பார்த்துக் கெஞ்சினாரு. சிப்பாயும் என் பக்கம் திரும்பி, "இவன் தோட்டத்துக் கூலிதானே?"ன்னு அரைகுறை மலாய்ல கேட்டான்.

இல்லைன்னா எம் புருசனைத் தேடுவாங்க. ஆனா அதுக்காக மட்டும் சொன்னேன்னு சொன்னா பொய். அந்தக் காப்பியை நெனச்சுக்கிட்டேதான் "ஆமா துவான்"னேன். உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்.

எம் புருசன் சப்பான்காரன் போற வரைக்கும் ராசாவுலயே ஒளிஞ்சு கெடந்தாரு. கிராணி சம்சாரம் மறுவாரம் எங்க லயத்து வீட்டுக்கு வந்தா. அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. "நீ ஸ்டேஷன்ல இருந்தியாமே. எப்ப வருவாருன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"ன்னு கேட்டா.

"மூணே மாசந்தாம்மா. அரிசி போடுறான், துணி குடுக்கறான். போயிட்டு வந்துடுவாரு"ன்னு சொல்லிட்டு, கையில இருந்த கஞ்சியைக் குடிச்சு முடிச்சேன்.