கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

சுந்தரபாண்டியத்து உலர்களத்தைப் பெருக்குவது வெள்ளத்தாயின் வேலை. அறுவடைக் காலத்தில் அங்கே மக்காச்சோளம் காயும். மற்ற மாதங்களில் சிமெண்டுத் தரை சும்மா கிடக்கும். அப்படிக் கிடந்த தரை ராஜபாளையத்தில் ஸ்கேட்டிங் வகுப்பு நடத்தும் சுப்புராஜின் கண்ணில் பட்டது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடும் ஹாக்கிக்கு அவர் ஒரு ஜூனியர் லீக் தொடங்கினார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தளவாய்புரம், செட்டியார்பட்டி என்று நாலு அணி. ஞாயிறுதோறும் ஆட்டம். தை பிறந்து சோளம் களத்துக்கு வரும்வரை இடம் பிள்ளைகளுக்கு.

முதல் ஞாயிறே ஒரு பையன், தரையிடுக்கில் கிடந்த ஒற்றைச் சோளமணியில் சக்கரம் ஏறி, முகவாய் கிழிய விழுந்தான். சுப்புராஜ் வெள்ளத்தாயைத் தேடி வந்தார்.

“அக்கா, ஆட்டத்துக்கு முன்னாடி ஒருக்கா நல்லாப் பெருக்கித் தரணும். கூலி என்னன்னு சொல்லுங்க.”

“கூலி வேண்டாம் தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை குடுங்க.”

“அவரு கட்டில்லல்லா கெடக்காரு?”

“அந்தக் கட்டில்தான் வேண்டாங்கேன்.”

பால்ச்சாமி ராணுவத்தில் லாரி ஓட்டியவர். சித்திரையில் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தன. கால் கம்பை ஊன்றி நடக்கும் அளவுக்குத் திரும்பியது, கை திரும்பவில்லை. வாய் கோணிப் பேச்சு குழறியது, எச்சில் வடிந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, ஆள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நடக்க முடிந்தும் வாசலைத் தாண்டவில்லை. வெள்ளத்தாய் தன் மாமனாரை அப்படிப் பார்த்திருக்கிறாள். அவரும் வெட்கப்பட்டுத்தான் படுத்தார். பிறகு எழ நினைத்தபோது கால் கேட்கவில்லை. இவரும் அப்படிக் கட்டிலோடு போய்விடுவாரோ என்பதுதான் அவளுடைய பயம். சாவைப் பற்றி அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை.

லீவில் வரும்போதெல்லாம் பால்ச்சாமி ஒரு கதை சொல்வார். லடாக்கில் குளம் உறைந்ததும் அதன் மேல் ஹாக்கி ஆடுவார்களாம். கோலுக்குப் பின்னால் சிவப்புத் துணியோடு இவர் நிற்பாராம். பந்துக்குப் பதிலாக அங்கே அடிக்கும் வட்டு உள்ளே போனால் துணியைத் தூக்க வேண்டும். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. வெள்ளத்தாய் அதைச் சொன்னதும் சுப்புராஜ் நிமிர்ந்தார்.

“அதுக்குத்தான் ஆளே இல்லக்கா. கூட்டிட்டு வாங்க.”

அடுத்த ஞாயிறு சட்டையை விரித்துப் பிடித்தாள். விழுந்த கையைத்தான் முதலில் சட்டைக்குள் விட வேண்டும். பால்ச்சாமி கையை இழுத்துக்கொண்டார்.

“வ... வரல.”

“வராட்டிப் போங்க. உள்ள போச்சு, போகலன்னு பிள்ளைக அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். ஐஸ் மேல நின்ன கதையெல்லாம் புளுகுதான்னு நானும் நெனைச்சுக்கிடுதேன்.”

அவர் முறைத்தார். பிறகு கையைக் கொடுத்தார்.

ஆட்டோவில் களத்துக்குக் கூட்டிவந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி, இடக்கையில் சிவப்புத் துணி. முதல் இரண்டு வாரம் அவள் பக்கத்தில் நின்று வாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம் துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு விளக்குமாறோடு போய்விட்டாள். “மிலிட்டரி மாமா துணியத் தூக்கல, கோலு கெடையாது, போலே!” என்று பையன்கள் கத்துவது அவளுக்குக் கேட்கும். மார்கழியில் அவர் ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிக் கம்பை ஊன்றி நடந்து வந்தார்.

கடைசி ஆட்டம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும். ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் பாதிப்பேர் சுந்தரபாண்டியத்துப் பையன்கள். கோல்கீப்பர் மாரீஸ்வரன் பக்கத்து வீடு. ஊரே வந்திருந்தது. இரண்டுக்கு இரண்டு என்று நின்ற கடைசி நிமிடத்தில் ராஜபாளையத்துப் பையன் அடித்த பந்து மாரீஸ்வரனைத் தாண்டி வெளியே உருண்டது. கோல் இல்லை என்று நடுவர் கையை விரித்தார்.

பால்ச்சாமியின் துணி மேலே இருந்தது.

“யோவ் மாமா, துணிய எறக்கும்!”

“நம்ம ஊர்ச் சோத்தத் தின்னுட்டு அவனுகளுக்குத் தூக்குதாரு பாரு!”

“அவருக்கே நெதானம் இல்ல, அவரைப் போயி ஒக்கார வச்சானுவ.”

துணி இறங்கவில்லை. நடுவர் சறுக்கிக்கொண்டு வந்து குனிந்தார். “உள்ளதானா ஐயா?”

பால்ச்சாமியின் வாய் கோணியது; வார்த்தை வரவில்லை, எச்சில்தான் வந்தது. அவ்வளவு கூட்டமும் அந்த வாயையே பார்த்தது. வெள்ளத்தாய் ஓரடி எடுத்து வைத்தாள். இப்போது போய்த் துடைத்தால் வார்த்தை அப்படியே நின்றுவிடும். நின்றுகொண்டாள்.

அவர் துணியை மடியில் போட்டார், துண்டால் வாயைத் துடைத்தார், கம்பை எடுத்து வலையின் ஓரத்தைக் காட்டினார்.

“உள்ள போச்சு. ஓட்டை... வழியா... வெளிய வந்துச்சு.”

மாரீஸ்வரன் வலைக்குள் கையை விட்டான். மணிக்கட்டு வரை வெளியே வந்தது. முகம் செத்துப்போனாலும் பையன் மறைக்கவில்லை.

“ஆமா சார். என் கால உரசிட்டு உள்ளதான் போச்சு.”

ராஜபாளையம் கோப்பையைத் தூக்கியது. கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. மாரீஸ்வரன் மட்டும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வந்து பால்ச்சாமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

மறுநாள் விடிந்ததும் டிராக்டர் சோளத்தைக் கொட்டும் சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்துவிட்டது, இனி எதைச் சொல்லி இவரை எழுப்புவது? வெள்ளத்தாய் கஞ்சியோடு உள்ளே போனாள்.

பால்ச்சாமி சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். விழுந்த கையை முதலில் விட்டுத் தானாகவே போட்டிருந்தார். பித்தான் ஒன்று மாறியிருந்தது. மடியில் சிவப்புத் துணி.

“எங்க கெளம்பியாச்சு?”

“களத்துக்கு.”

“ஆட்டம் முடிஞ்சுபோச்சுல்லா? சோளம்தான காயுது?”

“ஆடு... மேயும்லா. வெரட்ட... ஆள் வேண்டாமா?”

வெள்ளத்தாய் கஞ்சியை அவர் முன்னால் வைத்தாள்.

“செத்த நேரம் பொறுங்க, நாற்காலிய எடுத்துக்கிடுதேன். அதுக்குள்ள கஞ்சியக் குடிச்சுட்டுப் பித்தான ஒழுங்காப் போடுங்க. ஆடு சிரிக்கும்.”