மாஸ்டர் ஓட்டுப் போட்ட நாள்

கார்னெட் ஷிஃப்லெட்டை எங்கள் வர்ஜீனியா மலையோரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாஸ்டர் என்றால் அவர்தான். தேர்தல் வந்தால் தீயணைப்பு நிலையத்தின் உள்ளே வாக்குச்சாவடி, வாசலில் அவருடைய அண்டா. கோழி, சோளம், தக்காளி, மொச்சை எல்லாம் போட்டு விடிவதற்குள் ஸ்டூ என்கிற கெட்டிக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிடுவார். கிண்டுகிற துடுப்பு நின்றால் அடிபிடித்துவிடும். ஓட்டுப் போட வருகிறவர்கள் கையில் பாத்திரத்தோடு வருவார்கள். அந்த வருமானத்தில்தான் எங்கள் தீயணைப்பு வண்டி ஓடுகிறது.

மனிதர் ஓட்டு மட்டும் போடமாட்டார். "ரெண்டு கட்சிக்காரனும் என் கையால சாப்பிடுறான். நான் உள்ள போனேன்னா, எந்தப் பக்கம் குத்துனேன்னு ஊரே மோப்பம் புடிக்கும். பாதிப் பேரு வாங்காமலே போயிடுவான்." முப்பது வருடமாக இதே பேச்சு. எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் என் வேலை ஸ்டூ அள்ளிக் கொடுப்பது மட்டும்தான்.

இந்த வசந்தத்தில் வந்ததோ வேறு மாதிரி ஓட்டு. பத்து வருடத்துக்கு ஒருமுறை வரையும் நாடாளுமன்றத் தொகுதிகளை, மாநில ஆளுங்கட்சி பாதியிலேயே தனக்குத் தோதாக மாற்றி வரையலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று. புதிய வரைபடத்தில் எங்கள் மலை ஒரு ஒல்லி வாலாக நீண்டு, எங்கேயோ இருக்கும் நகரத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து சட்டம் சொன்ன தூரம் தள்ளி, ஆமா பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை யூடோரா பெண்ட்ரி மேசை போட்டிருந்தார். "மத்த மாநிலத்துல அந்தக் கட்சி ஆளுங்க இஷ்டத்துக்குத் தொகுதிய வரைஞ்சுக்கிட்டாங்க. நாம மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

எதிர் மேசை, மாட்டுப்பண்ணை ஹாலிஸ் ஏக்கர்ஸ். "எவனோ அவன் ஊர்ல வேலியத் தள்ளிப் போட்டான்னு, நீங்க என் வேலியப் புடுங்குவீங்களா டீச்சர்?"

மாஸ்டர் கேட்டுக்கொண்டே கிண்டினார். முகம் சரியில்லை.

"எனக்கும் போடணும்னு இருக்கு வெர்லீன்," என்றார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம். "ஒரு குறைன்னா நாம எந்த எம்.பி. வாசல்ல போயி நிக்கணும்னு முடிவு பண்றாங்க. அதுக்கும் நான் இங்கேயே நின்னு கிண்டிக்கிட்டிருக்கவா?"

"போய்யா. உன்ன யாரு கட்டிப் போட்டா?"

"துடுப்ப யாரு புடிப்பா?"

வெர்லீனுக்குத் தோள்பட்டை வலி. என்னிடம் அவர் உப்பு டப்பாவைக்கூடத் தந்ததில்லை. துடுப்பை யூடோராவிடம் கொடுத்தால் மாஸ்டர் ஆமா பக்கம் என்பார்கள், ஹாலிஸிடம் கொடுத்தால் இல்லை பக்கம் என்பார்கள். கடைசியில் இருவரையும் கூப்பிட்டார். சாவடிக்குப் பக்கத்தில் கட்சி அடையாளம் கூடாது. சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள்.

"ரெண்டு பேரும் சேந்து புடிங்க. நிறுத்துனீங்க, அவ்வளவுதான்."

அவர் கதவைத் தாண்டியதும் வரிசையே கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தது. அண்டா பாதி மிஞ்சினால் வண்டிக்கு இந்த வருடம் டயர் கிடையாது.

இங்கே ஹாலிஸ் ஒரு பக்கம் இழுக்க, டீச்சர் மறுபக்கம் இழுக்க, ஸ்டூ தளும்பியது. "நேரா விடுய்யா!" என்று வெர்லீன் ஒரு அதட்டல் போட்டாள். பிறகு ஒழுங்காகச் சுற்றினார்கள். அந்தக் கனத்தைக் கிண்டிக்கொண்டே அரசியல் பேச இருவருக்கும் மூச்சில்லை.

மாஸ்டர் திரும்பி வந்தார். நெஞ்சில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் ஸ்டிக்கர். யாரையும் பார்க்காமல் துடுப்பை வாங்கிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது, உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

"சிரிக்கிறாரு பாரு, நம்ம பக்கம்தான்," என்றார் ஹாலிஸ் என் காதில்.

"என்னப் பாத்துல்ல சிரிச்சாரு," என்றார் டீச்சர்.

அதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காலையிலேயே ஓட்டுப் போட்டுப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். சும்மா நின்று முகத்தைப் பார்க்க முடியுமா? ஆளுக்கொரு கிண்ணம் வாங்கினார்கள், குடித்துக்கொண்டே பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடாமல் இன்னொரு கிண்ணம் வாங்கினார்கள். எந்தத் தேர்தலிலும் மாலைவரை வரும் அண்டா, மத்தியானமே காலி.

மாஸ்டர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். துடுப்பால் காலி அடியை ஒருமுறை சுரண்டினார்.

"ஏன் வெர்லீன்," என்றார், "அப்ப இத்தன வருஷமும் போட்டிருக்கலாமேடி."