ரெண்டாவது சீசர்

ரோமாபுரி ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராகச் சீசர் என்று பெயர் வைத்துக்கொண்டார்களாம். பள்ளிக்கூடத்தில் படித்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களா நாய்க்கும் அப்படித்தான். ஒன்று செத்தால் அடுத்து வருவதும் சீசர். அந்த மகராசன் பெயருக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தால் அதுவும் சீசர்தான்.

என் மூத்தவன் சீசர். இரண்டாவதும் அப்படித்தான் என்று கிளினிக்கில் சொன்னபோது மாமியாரின் முகம் செத்துப்போனது. எனக்கு எரிச்சலாக வந்தது. கத்தி என் வயிற்றில், கவலை இவருக்கா? ஆனால் விஷயம் தெரியாமலும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் குடியிருக்க லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். மாமியாருக்கு இந்த வருஷத்தோடு வேலை முடிகிறது. மிச்சம் நான் ஒருத்திதான். இரண்டு சீசர் ஆனவள் கொழுந்துக் கூடை தூக்க மாட்டாள் என்பது மலையில் எல்லோருடைய முடிவு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அரைப்பேர்க்காரியை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்?

பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சீசர்தான். வீட்டுக்கு வந்த அன்று லயத்துப் பெண்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். சுகப் பிரசவமா, சீசரா என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

“சொகந்தான். அலுங்காம பெத்துட்டா.”

கெட்டிக்காரி என்று என்னைப் பாராட்டினார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து வயிற்றில் கை வைக்காமல் நடக்கப் பழகினேன். ஆள் பார்க்கிற நேரம் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து நானே தூக்கி வந்தேன்.

லீவு முடிந்து மலைக்குப் போனேன். மத்தியானம் கூடை நிறைந்து, நிறுக்கிற இடத்துக்கு ஏறும்போது தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. மாமியார் பக்கத்து நிரையில் இருந்தார்.

“இழுக்குதுங்க மாமி.”

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொண்டார்.

“மெல்லப் பேசு. கங்காணி காதுல விழுந்தா நாம எங்க போறது?”

கூடைக் கயிற்றைத் தலையில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் நிமிர்ந்து ஏறினேன்.