கீரைக்குக் காவல்

எங்கள் மலையில் கீரை பறிக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. விதைத்த சாமை நிலத்துக்காரனுடையது. தானாக முளைக்கிற தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் குனிகிறவர்களுடையது. மற்ற நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் எங்கள் எலுமிச்சை மரங்களைச் சுற்றியுள்ள பாத்திகளில் கீரை தளதளவென்று நிற்கும். தண்ணீர் விடுகிறோமே.

அந்தக் கீரையை வழக்கமாகப் பறிக்கிறவள் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. வாய்க்கு வாய் அக்கா என்று நான் கூப்பிட்டவள்தான். நிலம் பிரித்தபோது தோட்டம் எங்கள் பங்குக்கு வந்தது, பேச்சு நின்றது. ஆனாலும் காலையில் வருவாள், மடி நிறையப் பறிப்பாள், திரும்பிப் பார்க்காமல் போவாள். நானும் பார்க்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பேன். எங்களுக்குள் மிச்சமிருந்த உறவு அந்த ஒரு மடி கீரைதான்.

இந்த வருஷம் எலுமிச்சைக் கொழுந்தில் பூச்சி விழுந்தது. இலைக்குள்ளேயே புகுந்து வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். கொழுந்து சுருண்டுவிடும். மேலே தெளித்த மருந்து எதற்கும் கட்டுப்படவில்லை. வீட்டுக்காரர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். நானே பஸ் பிடித்துக் கலசப்பாக்கத்துக்கு இறங்கி, சுருண்ட இலையைப் பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன்.

“இத இலையில அடிக்கக் கூடாதும்மா. தண்ணியில கலக்கி வேராண்ட ஊத்துங்க. மரம் குடிச்சி கொழுந்து வரைக்கும் ஏத்திக்கும். கடிக்கிற பூச்சி காலி” என்றார். நான் படி இறங்கியபோது கூப்பிட்டு, “அந்தப் பாத்தியில முளைக்கிற எதையும் வாயில வெச்சிடாதீங்க. அதுவும் சேந்துதான் குடிக்கும். கொஞ்ச மாசத்துக்கு ஆடு மாடு கூட வுடாதீங்க” என்றார்.

ஆட்டைக் கட்டிப்போட்டேன். சருகை ஒதுக்கிவிட்டு மரம் மரமாக ஊற்றினேன். மறுநாள் காலை வழக்கம்போல அக்கா வந்தாள். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. இலையில் அடித்திருந்தால் கழுவலாம். மண்ணுக்குள் போனதை எப்படித் திரும்ப எடுப்பது?

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முதலில் பேசுகிறவள் தோற்றவள் என்று நாங்கள் இரண்டு பேருமே வைத்திருந்தோம். அதனால் ஓடிப்போய் அவள் குனிந்த பாத்தியிலேயே நானும் குனிந்து, கீரையை வேரோடு பிடுங்கினேன். அவள் அடுத்த மரத்துக்குப் போனாள். நானும் போனேன். வெறும் மடியை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

பிடுங்கினால் தீர்ந்துவிடுமா? தண்ணீர் விட்டால்தான் மருந்து வேருக்குப் போகும். தண்ணீர் விட்டால் கீரையும் முளைக்கும். புலி வாலைப் பிடித்த கதைதான். விடிந்ததும் போய் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் வீடு. சந்தைக்குப் போகவில்லை, தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போகவில்லை. பூச்சி மாட்டியதோ இல்லையோ, நான் மாட்டிக்கொண்டேன். குழாயடியில் பெண்களிடம் விஷயத்தைச் சொல்லி அக்கா காதில் போடச் சொன்னேன்.

“மருந்து மண்ணுலதான ஊத்துன? கீரைய கழுவிட்டு ஆக்குனா இன்னா?” என்று சிரித்தார்கள். கீரைக்குக் காவல் போட்டவள் என்று எனக்குப் பெயரும் வைத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அக்கா அதன்பிறகு வரவே இல்லை. அப்பாடா என்று இருந்தேன். ஒரு காலையில் தோட்டத்துக் கோடிக்குப் போய்ப் பார்த்தால், காவல் இருக்கிறேனே என்று நான் பிடுங்காமல் விட்ட கடைசிப் பாத்திகளில் தண்டு மட்டும் நிற்கிறது. நுனியெல்லாம் கிள்ளியிருக்கிறது. ஆடு கடித்தால் அப்படி இருக்காது. நிலம் பிரித்த பிறகு மிதிக்காத அக்கா வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

அக்காவின் பெண் தட்டில் சாமைச் சோறும் கீரையும் பிசைந்துகொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கினேன்.

“சாப்புட்ற சோத்தப் புடுங்குறியே, நீ நல்லா இருப்பியா?” என்று அக்கா பாய்ந்து வந்தாள்.

“வேர்ல மருந்து ஊத்தியிருக்கேன்க்கா. கழுவுனாலும் போவாது. கீரைக்கு உள்ளயே இருக்குது.”

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஊர்ல சொன்னாங்க. கீரை குடுக்க மனசில்லாதவ இன்னா வேணா சொல்லுவான்னு வுட்டுட்டேன். நீயே வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே, பாவி.”

“எத்தினி நாளா பறிக்கிற?”

பதிலைப் பெண்தான் சொன்னாள். “நீங்க வூட்டுக்குப் போனப்புறம் அம்மா டெய்லி போய் பறிச்சினு வரும் சின்னம்மா. அதத் திட்டாதீங்க. எனுக்குத்தான் வேற எதுவும் எறங்கல.”

நான் பகலெல்லாம் காத்த கீரை, ராத்திரியில் அக்கா மடியேறி இந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, இனிமேல் அந்தக் கீரையைத் தொடாதே, மாதம் தவறாமல் வா என்றார். பயப்படாதே என்று சொன்னாரா, இல்லை சொல்லியும் எங்கள் காதில் விழவில்லையா, தெரியாது.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. எலுமிச்சை புதுக்கொழுந்து விட்டிருக்கிறது, ஒரு கோடு கூட இல்லை. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் அக்கா வீட்டில் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா டீ போட்டுத் தருகிறாள். பேசாத வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறோம். பேச்சு நின்றால் பயம் வந்துவிடுகிறது.

நேற்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்கா சொன்னாள்: “கொயந்த நல்லபடியா பொறக்கட்டும்டி. அப்புறம் வேணும்னா நாம பழையபடி பேசாமயே இருந்துக்கலாம்.”