சால்வத்தோரேயின் வெடிக்காத தோட்டாக்கள்

துவக்குக் கடையில் வேலை செய்கிறவனுக்கு ‘டுமீல்’ தொல்லையே இல்லை. ‘டிக்’ என்றுவிட்டு நிற்பதுதான் தொல்லை. யாழ்ப்பாணத்தில் வெடித்ததற்கெல்லாம் பயந்து ஓடி வந்தவன் நான். இத்தாலியின் பலேர்மோவில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னாலுள்ள சந்தில், வெடிக்காதவற்றுக்குக் காரணம் தேடும் கடையில் மாட்டிக்கொண்டேன். வாடிக்கையாளரின் முறைப்பாடு கேட்டே காது தேய்ந்தவர்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

வீட்டில் என் மதிப்பு

இங்கே எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சிஞ்ஞோராக்கள் என்னும் இத்தாலியச் சீமாட்டிகளின் வீடுகளில் வேலை செய்கிறார்கள். எனக்கு வேட்டைத் துவக்குக் கடையில் இடம் கிடைத்ததும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். என் மனைவி வசந்தி இரண்டு நாள் பார்த்தாள்.

“மற்றவை வீடு துடைக்கினம், நீங்கள் துவக்குத் துடைக்கிறியள். ரெண்டும் துடைக்கிற வேலைதானே, பிறகேன் இந்த நடை?”

சொந்தச் சமையல்

சால்வத்தோரே துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கூட்டாளிகளோடு மலைக்குப் போய்க் காட்டுப்பன்றி வேட்டையாடுவார். தோட்டாவைக் கடையில் வாங்கமாட்டார். சுட்ட வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, பின்பக்கத்தில் தீப்பொறி தரும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாக அழுத்தி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குசினி மேசையிலேயே செய்துகொள்வார்.

ஒரு பருவம் முழுக்க அந்தத் தோட்டாக்கள் ‘டிக்’ என்றன. பன்றி அவருக்கு முன்னாலேயே நடந்து போனதாம். நாங்கள் துவக்கைக் கழற்றிப் பார்த்தோம். ஊசி பிரைமரில் ஆழமாகவே குத்தியிருந்தது. கடைத் தோட்டா போட்டால் ஒழுங்காக வெடித்தது. பிழை அவருடைய சமையலில்தான் என்று முதலாளி பினோ பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். சால்வத்தோரே மேசையில் தட்டினார்.

“துவக்கைக் குறை சொல்லு, பண்டியைக் குறை சொல்லு. என்ரை கையை மட்டும் குறை சொல்லாதை!”

எண்ணெய் மணம்

பினோ ஒரு தோட்டாவைப் பிரித்தார். பிரைமர் நனைந்திருந்தது, முகர்ந்தால் ஒலிவ் எண்ணெய். மனுசன் எண்ணெயில் தோய்த்த பாண் தின்ற கையோடு வேலை செய்திருக்கிறார் என்று சிரித்தோம்.

அடுத்த நாள் பினோ கோப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து சால்வத்தோரேயின் மனைவி வந்தார். கணவரிடம் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு, தானே பிரைமர்களுக்கு எண்ணெய் தொட்டு வைப்பதாகச் சொன்னார். கணவருக்குக் கண் மங்கிவிட்டது, கோப்பிக்குள் உப்பைப் போடுகிறார், மலையில் கூட்டாளிகள் அவருக்கு முன்னாலும் நடமாடுகிறார்கள். வேட்டையை விடச் சொன்னால் கேட்கவில்லை.

அதிலுள்ள ஆபத்தை நான் விளக்கினேன். எண்ணெய் பட்ட பிரைமர் எப்போதும் செத்துக் கிடக்காது. ‘டிக்’ என்ற பிறகு சுணங்கி வெடிக்கலாம். அவர் பொறுமையில்லாமல் உடனே திறந்தால் முகத்தில்தான். அரைகுறையாக வெடித்துச் சன்னம் குழலுக்குள் சிக்கினால் அடுத்த சூட்டில் குழலே பிளக்கும். சொல்லச் சொல்ல அந்த அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

“அவர் ஆரையும் கொல்லக் கூடாதெண்டுதான் செய்தன் மகன். அவரையே கொல்லப் பாத்தனே?”

பெட்டியோடு வந்தவர்

பினோவிடம் சொன்னேன். அவர் சால்வத்தோரேவுக்குப் போன் எடுத்து, தோட்டாக்களில் எண்ணெய் இருக்கிறது, ஆபத்து, எல்லாவற்றையும் கொண்டு வா என்று மட்டும் சொன்னார். யார் வைத்தது என்ற பேச்சே எடுக்கவில்லை.

மனிதர் தோட்டாப் பெட்டியோடு துவக்கையும் கொண்டு வந்து மேசையில் வைத்தார். இனி வேண்டாம், சட்டப்படி வேறு ஆளின் பெயருக்கு மாற்றிவிடு என்றார். எண்ணெய் எப்படி வந்தது என்று அவரும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. பினோ கடுதாசி எடுக்க உள்ளே போனதும், “உங்களுக்கு முதலே தெரியுமோ?” என்று கேட்டுவிட்டேன். துவக்கைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“முதல் நாளே மணந்திட்டன், எங்கடை வீட்டு எண்ணெய். தோட்டா வெடிக்காத வரைக்கும் எனக்குக் கண் தெரியேல்லை எண்டு கூட்டாளியளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்லிப்போடாதை.”

இப்போது அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒலிவ் எண்ணெய்ப் போத்தல் வருகிறது, புருசன் தருவது பெண்சாதிக்குத் தெரியாமல் ஒன்று, பெண்சாதி தருவது புருசனுக்குத் தெரியாமல் இன்னொன்று.