புளிக்காத ரொட்டி

கம்போங் ராஜா ஊருக்கு நான் ஏறிவந்த லோரி வழியில் சூடேறி நின்றுவிட்டது. போதகர் இல்லாத இடத்துக்கு உபதேசியாரான நானாவது வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, ஞானம்மா என்னைத் தோட்டத்து லயத்தில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். வழியெல்லாம் கவாத்து வெட்ட ஆளில்லாத தேயிலை தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது.

இந்த யுத்த காலத்தில் கோதுமை ஏது? மரவள்ளி மாவில் தட்டிச் சுட்டிருக்கிறாள்.

"புளிக்கவே இல்லங்கய்யா. இதுல இராப்போஜனம் குடுக்கலாமா?"

"தாராளமா. இயேசு யூதர்தானேம்மா. அன்னிக்கு அவர் பிட்டதும் புளிக்காத அப்பந்தான்."

பினாங்கில் துணி விற்ற யூதர் ஒருவர் எனக்குச் சொன்னது அது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த அவருடைய முன்னோர் விடுதலையாகிப் புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை. அதை நினைத்து உண்ணும் பஸ்கா விருந்துதான் இயேசுவின் கடைசிப் பந்தியும் என்றார். ஞானம்மாவிடம் உற்சாகமாக இதையும் சொல்கிறேன்.

அவள் வாசலைப் பார்க்கிறாள். "எங்க வீட்டுக்காரரையும் அப்படித்தான் அவசரமா லோரியில ஏத்துனான் ஜப்பான்காரன், சயாம்ல ரயில்பாதை போட. கஞ்சி அடுப்புலயே இருந்துச்சு. ஆனா அவங்க விடுதலையாகிப் போனாங்க. இவரு அடிமையால்ல போனாரு?"

நான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறேன். பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் துணியில் முடிந்து காலியாய்க் கிடக்கும் அரிசிப் பானைக்குள் வைக்கிறாள்.

"அவரு வந்தா குடுக்கணும்லா."

யூதர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பஸ்கா இரவில் ஒரு துண்டைத் துணியில் சுற்றி ஒளித்து வைப்பார்களாம். அதை எடுத்துத் தின்ற பிறகுதான் விருந்து முடியுமாம்.

லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். முடிவு ஜெபம் சொல்லாமலே எழுந்து புறப்படுகிறேன்.